என்னை ஏற்றினால் ஓடாத படகு

பின்னால் எஞ்சினைப் பிடித்தபடி பாக் மாட். மலாய்க்காரர், படகு அவருடையது. அவருக்கு முன்னால் கடை நானா, மடியில் நெய்ச்சோற்றுச் சட்டி. அடுத்து அம்மா. காலை நீட்டித்தான் உட்கார முடியும் என்பதால் அவளுக்கு இரண்டு ஆள் இடம். என் தங்கை சரோஜா. அவளைக் கட்டிக்கொள்ளப் போகிற தனபால். தனபாலின் தாயார். எங்கள் பக்கத்து வீட்டு மேரி அக்கா. அக்காவின் கைப்பிள்ளை, பல்கூட முளைக்கவில்லை. கடைசியில் நான்.

பிள்ளையையும் ஓர் ஆளாக எண்ணினால் ஒன்பது பேர்.

நாற்பது வருடத்துக்கு மேல் ஆகிவிட்டது. இப்போது ஏன் எண்ணுகிறேன் என்று கேட்பீர்கள். போன வாரம் மலாக்கா பக்கம் அலோர் காஜாவில் ஒரு வீட்டில் புல் வெட்டிக்கொண்டிருந்தேன். லோரி ஓட்டுவதை விட்டபிறகு இதுதான் எனக்கு வேலை. மிஷினைத் தோளில் மாட்டிக்கொண்டு வீடு வீடாகப் போகிறேன். பாதியில் மிஷின் நின்றுவிட்டது. கயிற்றை இழுத்தேன், இழுத்தேன், தோள்தான் வலித்தது. பிளக்கைக் கழற்றிச் சட்டையில் துடைத்து மாட்டினேன். ஒரே இழுப்பில் ஓடியது. பெட்ரோலும் எண்ணெயும் கலந்து எரிகிற அந்தப் புகை மூக்கில் ஏறியபோது என் கால் மணலில் நிற்பதுபோல இருந்தது. எப்போதும் இப்படித்தான். இந்த வேலைக்கு வந்த நாளிலிருந்து வாரத்துக்கு இரண்டு மூன்று தடவையாவது அந்தத் தீவுக்குப் போய்விட்டு வருகிறேன், செலவில்லாமல்.

அப்போதுதான் கைப்பேசி அடித்தது. ரவி. சரோஜாவின் மூத்த மகன்.

“மாமா, ஞாயித்துக்கெழம எல்லாரும் தீவுக்குப் போறோம்லா. போட் சொல்லியாச்சு.”

“நல்லது.”

“உங்கள கூப்பிடலாமான்னு பசங்க கேக்குறானுங்க. ஆனா நீங்க ஏறினா போட் ஓடாதாமே!” பின்னால் பிள்ளைகள் சிரிக்கும் சத்தம். “சும்மா சொன்னேன் மாமா, கோவிச்சுக்காதீங்க.”

“யாருப்பா சொன்னது?”

அவன் சொன்ன பதிலைக் கடைசியில் சொல்கிறேன். முதலில் அந்த மணலைச் சொல்லவேண்டும்.

தீவுக்குப் பெயர் இருக்கிறது. எங்கள் தோட்டத்தில் யாரும் பெயர் சொன்னதில்லை, தீவு என்றுதான் சொல்வோம். நாங்கள் லூபோக் சீனா பக்கத்தில் ரப்பர்த் தோட்டத்தில் இருந்தோம். எங்களுக்கு மண் என்றால் சிவப்புதான். காலில் ஒட்டும், வேட்டியில் ஒட்டும், செத்தாலும் விடாது. தீவில் படகு போய் ஏறுகிற வளைவில் மணல் வெளுப்பாக இருந்தது. கையில் அள்ளினால் விரலிடுக்கில் ஓடிவிட்டது. மண்ணுக்கு இப்படி ஒரு குணம் உண்டா என்று எனக்கு ஆச்சரியம். கொஞ்சம் அள்ளி கால்சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன். இருபத்திரண்டு வயது எருமை செய்கிற வேலையா இது? அதுவும் அந்தக் கால்சட்டை என்னுடையது இல்லை. தனபாலுடையது. கீழே யானைக்காது மாதிரி அகலமாக இருக்கும். நல்ல காரியத்துக்குப் போகிறோம் என்று இரவல் வாங்கியிருந்தேன்.

நல்ல காரியம் அம்மாவின் வேண்டுதல். ரப்பர்ப் பால் வாளியைத் தூக்கிக்கொண்டு மேட்டில் சறுக்கி விழுந்தவள், எட்டு மாதம் நடக்கவில்லை. தீவில் பெரியவர் ஒருவரின் சமாதி இருக்கிறது. இஸ்லாமியப் பெரியவர். ஆனால் நம்மவர்களும் போவார்கள், சீனர்களும் போவார்கள். நடக்க ஆரம்பித்தால் பச்சைத் துணி போர்த்துகிறேன் என்று அம்மா வேண்டிக்கொண்டாள். நடந்தாள். நொண்டிதான், ஆனாலும் நடந்தாள்.

அழைத்துப்போனது கடை நானா. அலோர் காஜாவில் மளிகைக் கடை வைத்திருந்தார். தோட்டத்துக்குச் சாமான் கொண்டுவரும் வேன் அவருடையது. தமிழ் பேசுகிற முஸ்லிம், எங்கள் எல்லோருக்கும் நானா. வருடம் ஒரு தடவை தீவில் நெய்ச்சோறு ஆக்கிப் போடுவார். தோட்டத்தில் யாருக்கு வேண்டுதல் இருந்தாலும் சேர்த்துக்கொள்வார். அவர் சொல்வது ஒன்றுதான்.

“மூணு நாளைக்குப் பன்னி மட்டும் வாயில வைக்காதீங்க. மத்தத ஆண்டவன் பாத்துக்குவான்.”

அது அவர் போட்ட சட்டம் இல்லை. அந்தக் கரையில் எல்லாருக்கும் தெரிந்த வழக்கம். தின்றுவிட்டுப் போனால் கடல் விடாது, எஞ்சின் ஓடாது, வழி தவறும் என்பார்கள். அம்மா எங்களை மூன்று நாள் அல்ல, ஒரு வாரம் மீன்கூடத் தொடவிடவில்லை. ரசமும் கீரையும். எனக்கு நாக்கு செத்துப்போனது.

புறப்படுவதற்கு முந்தின நாள் மத்தியானம் தனபால் வந்தான். தோட்டக் காவலாளி காட்டுப்பன்றி சுட்டிருந்தார். வாழை இலையில் சுற்றிய ஒரு பங்கு இவன் கையில். அம்மா பச்சைத் துணி வாங்க டவுனுக்குப் போயிருந்தாள்.

“மச்சான், உங்க அடுப்பக் குடு. எங்கம்மா பாத்தா வெட்டிப்போடும்.”

“நாளைக்குப் போறோம்டா.”

“கடலுக்கு என்ன மூக்கா இருக்கு?”

எனக்கு அவனை மறுத்துப் பழக்கமில்லை. ஒரே லோரியில் நான் பின்னால் ஏற்றி இறக்குவேன், அவன் ஓட்டுவான். லோரி ஓட்ட எனக்குச் சொல்லிக் கொடுத்தவனும் அவன்தான். அடுப்பைக் கொடுத்தேன். பானையையும் கொடுத்தேன். சரோஜா மிளகு அரைத்தாள். வெந்ததும் அவளே அள்ளிப் போட்டாள். அவன் வாசல்படியில் உட்கார்ந்து தின்றான். வியர்த்து ஊற்ற ஊற்றத் தின்றான். நான் எதிரே உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன். வாயில் எச்சில் ஊறியது, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் ஒரு துண்டு எடுக்கவில்லை. அம்மாவின் கால் கண்ணில் நின்றது.

சரோஜா பானையைச் சாம்பல் போட்டு மூன்று தடவை கழுவினாள். எலுமிச்சை வைத்துத் தேய்த்தாள். பானை மணம் போனது. காற்றில் போன மணத்தை யாரும் கழுவ முடியாது. தோட்ட வீடுகளுக்கு நடுவில் ஒரு பலகைதான் சுவர்.

மறுநாள் போனோம். துணி போர்த்தினோம். நானா ஓதினார், நாங்கள் கும்பிட்டோம். அம்மா அழுதாள். மணலில் உட்கார்ந்து நெய்ச்சோறு தின்றோம். சோற்றில் மணல் கடித்தது. மேரி அக்காவின் பிள்ளை ஒரு நண்டைப் பார்த்துக் கத்தியது, நண்டு இன்னும் பயந்துபோய் ஓடியது. தனபால் எல்லாரையும் சிரிக்க வைத்துக்கொண்டிருந்தான். அம்மாவைக் கையைப் பிடித்துத் தண்ணீர்வரை அழைத்துப்போனான். அம்மா என்னிடம், “புள்ள மாதிரி பாத்துக்குறான்டா” என்றாள்.

இரண்டு மணி வாக்கில் மேற்கே கறுத்தது. சுமத்ராக் காற்று வரும்போல இருக்கிறது, சீக்கிரம் ஏறுங்கள் என்றார் பாக் மாட். ஏறினோம். தள்ளினோம். அவர் கயிற்றை இழுத்தார். எஞ்சின் இருமியது, நின்றது. மறுபடி இழுத்தார். பத்துத் தடவை இருக்கும். அலை படகைத் திருப்பிக் கரைப் பக்கமே தள்ளியது.

பிள்ளை அழ ஆரம்பித்தது. மேரி அக்கா அதை மார்போடு இறுக்கிக்கொண்டார்.

“யாராச்சும் வாய் வச்சிருந்தா சொல்லிடுங்க. கைப்புள்ள இருக்கு.”

“எவன் வைப்பான்? நேந்துக்கிட்டு வந்திருக்கோம்,” என்றார் தனபாலின் தாயார்.

மேரி அக்கா அம்மாவைப் பார்த்தார். கெட்ட மனுஷி இல்லை, பயந்துபோயிருந்தார். “தப்பா நெனைக்காதீங்க அக்கா. நேத்து மத்தியானம் உங்க வீட்டுலேருந்து வாசம் வந்துச்சு. நான் சொல்லவேணாம்னுதான் இருந்தேன்.”

அம்மா டவுனுக்குப் போயிருந்தவள். அவளுக்கு ஒன்றும் புரியவில்லை. என்னைப் பார்த்தாள். நான் தனபாலைப் பார்த்தேன்.

தனபால் சொன்னான். “ஆமா. இவன் அடுப்புலதான் வெந்துச்சு.”

அவன் பொய் சொல்லவில்லை. அந்த வாக்கியத்தில் ஒரு சொல் பொய் கிடையாது. நாற்பது வருடம் யோசித்துப் பார்த்துவிட்டேன்.

நானா எழுந்து நின்றார். “அப்படிலாம் பேசாதீங்கம்மா. எஞ்சின்னா நிக்கும், ஓடும். அதுக்கு ஒரு மனுஷன என்ன பண்ணச் சொல்றீங்க?”

அம்மா அவரைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்துச் சொன்னாள், “எறங்கு.”

அவ்வளவுதான் சொன்னாள். நான் இறங்கினேன். முழங்கால்வரை தண்ணீர். தனபாலின் கால்சட்டை நனைந்து கனத்தது. என் செருப்பு படகில் கிடந்தது. சரோஜா அதை எடுத்துக் குனிந்து என் கையில் கொடுத்தாள். கொடுக்கும்போது காதருகில் சொன்னாள்.

“அண்ணே, ஒன்னும் சொல்லிடாத. இப்ப சொன்னா அம்மா கல்யாணத்த நிறுத்திடும். முடியட்டும். நானே அம்மாகிட்ட சொல்லிடுறேன். சத்தியமா.”

நான் தலையாட்டினேன். பேச்சு எனக்கு எப்போதும் மெதுவாகத்தான் வரும். அன்று வரவே இல்லை.

இவ்வளவும் நடக்கும்போது பாக் மாட் குனிந்து தன் வேலையைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிளக்கைக் கழற்றினார். கைலி முனையில் துடைத்தார். ஊதினார். ‘பாசா’ என்றார், மலாயில் ஈரம் என்று. மாட்டினார். இழுத்தார். எஞ்சின் பிடித்துக்கொண்டது. தனபாலின் தாயார் கன்னத்தில் போட்டுக்கொண்டார். மேரி அக்கா சிலுவை போட்டுக்கொண்டார். அம்மா முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். அவர்கள் எல்லாரும் பார்த்தது நான் இறங்கியதை. நான் பார்த்தது பிளக்கை.

நானா மிச்சச் சோற்றை இலையில் கட்டி என் பக்கம் எறிந்தார். பிடித்துக்கொண்டேன்.

“ஒரு மணி நேரத்துல படகோட வந்துடுறேன் மச்சான்!” என்று கத்தினான் தனபால்.

மழை வந்தது. கெத்தாப்பாங் மரத்தடியில் நின்றேன். மழை விட்டது. ஒரு மணி நேரம் ஆனது, இரண்டு ஆனது. நடந்து நடந்து அந்த வளைவு முழுக்க என் காலடியாக இருந்தது, அலை வந்து அழித்துவிட்டுப் போனது. நல்ல இடம். இன்னொரு நாள் என்றால் ரசித்திருப்பேன். வெளிச்சம் சாய்கிற நேரத்தில் ஒரு படகு தெரிந்தது. கையை ஆட்டினேன். தனபால் என்று நினைத்துச் சிரித்துக்கொண்டே ஆட்டினேன்.

பாக் மாட் மட்டும் வந்தார். நானாதான் அனுப்பியிருக்கிறார். நான் ஏறி உட்கார்ந்தேன். அவர் கயிற்றை இழுத்தார். ஒரே இழுப்பு. ஓடியது. பார்க்க யாரும் இல்லை.

படகுத்துறையில் நானா காத்திருந்தார். மற்றவர்களை வீட்டில் விட்டுவிட்டுத் திரும்பி வந்திருக்கிறார். வேனில் ஏறியதும் சொன்னார், “தம்பி, நான் ஒன்னும் கேக்கல.” வழி நெடுக அவர் ஒன்றும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பேனோ என்னவோ.

கால்சட்டையை உப்புப் போகத் துவைத்து, பெட்டி போட்டு, தனபாலிடம் திருப்பிக் கொடுத்தேன். வாங்கிக்கொண்டான். “அன்னிக்கு எங்கம்மா என்னைய விடலடா” என்றான். சரி என்றேன். பையில் மணல் கொஞ்சம் இருந்திருக்கும். அதையும் சேர்த்துத்தான் கொடுத்தேன்.

கல்யாணம் நடந்தது. சரோஜா என்னைப் பார்த்தாள், நான் அவளைப் பார்த்தேன். இப்போது எப்படிச் சொல்வது, மாமியார் வீட்டில் முதல் மாதம் என்றாள். பிறகு வயிற்றில் பிள்ளை. ரவி பிறக்கட்டும் என்றாள். பிறந்தான். பிறகு அவளும் ஒன்றும் சொல்வதில்லை, நானும் கேட்பதில்லை.

மழைக்காலத்தில் அம்மாவுக்குக் கால் மறுபடி வீங்கியது. வாளி தூக்கித் தேய்ந்த கால், வீங்காமல் என்ன செய்யும்? அம்மாவுக்கு வேறு கணக்கு. முழங்காலில் எண்ணெய் தடவும்போதெல்லாம் சொல்வாள்.

“நீ தின்னது என் கால்ல வந்து நிக்குதுடா.”

ஒரு தடவை ஆரம்பித்தேன். “ம்மா, அன்னிக்கு வந்து...”

“வேணாம். இப்ப எதையாச்சும் சொல்லி இன்னொருத்தன் தலையில கட்டாத.”

அதோடு நிறுத்திக்கொண்டேன். நான் சொன்னால் தப்பிக்கச் சொல்கிறேன் என்றாகும். சரோஜா சொன்னால்தான் அது செல்லும். காத்திருந்தேன். எண்ணெய்க் கிண்ணத்தை எடுத்துக் கொடுத்துக்கொண்டே காத்திருந்தேன்.

தனபால் விருந்து வீடுகளில் இதைக் கதையாகச் சொல்வான். நன்றாகச் சொல்வான். எஞ்சின் இருமுவதை வாயாலே செய்து காட்டுவான். “மச்சான் எறங்கினான் பாரு, படகு பறந்துச்சு!” எல்லாரும் சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன். சரோஜா அப்போதெல்லாம் எழுந்து அடுப்படிக்குப் போய்விடுவாள். அது எனக்குப் போதுமாக இருந்தது. ஒருத்திக்குத் தெரியும், அதனால்தான் உட்கார முடியாமல் போகிறாள் என்று.

அம்மா மலாக்கா ஆஸ்பத்திரியில் மூன்று நாள் கிடந்தாள். வலது பக்கம் சரோஜா, இடது பக்கம் நான். மூன்றாம் நாள் காலை அம்மா சரோஜாவின் கையைப் பிடித்தாள். நான் அங்கே இல்லாததுபோலச் சொன்னாள். “உங்கண்ணன நான் மன்னிச்சுட்டேன்னு சொல்லு.”

நான் சரோஜாவின் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

“சரிம்மா,” என்றாள்.

செய்யாததற்கு மன்னிப்பு வாங்கிய ஆள் நான்.

இப்போது தோட்டம் இல்லை. முதலில் செம்பனை நட்டார்கள், பிறகு அதையும் வெட்டித் தாமான் என்று வரிசை வரிசையாக வீடு கட்டிவிட்டார்கள். எங்கள் வீடு இருந்த இடம் எது என்று எனக்கே பிடிபடவில்லை. அங்கேயும் ஒரு வீட்டில் புல் வெட்டப் போகிறேன், சிவப்பு மண் மட்டும் காலில் ஒட்டுகிறது, அதைக் கொண்டு நம்பவேண்டியிருக்கிறது. நானாவின் கடையில் இப்போது கைப்பேசி விற்கிறார்கள். நானா போய்விட்டார். பாக் மாட் போய்விட்டார். மேரி அக்காவும் போய்விட்டார். அந்தக் கைப்பிள்ளை ஜொகூரில் மூன்று பிள்ளை பெற்றுவிட்டதாம். தீவில் விடுதி கட்டினார்களாம், மூடினார்களாம். படகு இப்போது பொத்தானை அழுத்தினால் ஓடுகிறதாம். இழுக்கக் கயிறு கிடையாது.

தனபால் போய் ஐந்து வருடம் ஆகிறது. நான்தான் முன்னால் தூக்கினேன். அவனோடு அந்தக் கதையும் போய்விட்டது என்று நினைத்தேன். அதனால்தான் ரவியிடம் கேட்டேன், யார் சொன்னது என்று.

“அம்மாதான் மாமா. புள்ளைங்களுக்கு நல்லா நடிச்சுக் காட்டுச்சு. எஞ்சின் சத்தம்கூடப் போட்டுச்சு.”

மிஷினைப் புல் வெட்டிய வீட்டிலேயே போட்டுவிட்டு பஸ் ஏறினேன். மலாக்காவில் ரவியின் வீட்டில்தான் சரோஜா இருக்கிறாள். மாடி வீடு, மின்தூக்கி இருக்கிறது. அவளுக்கும் இப்போது கால் வலி. சோபாவில் நீட்டி உட்கார்ந்திருந்தாள், அம்மா மாதிரியே. என்னைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது.

“வாண்ணே. என்ன திடீர்னு? டீ போடச் சொல்றேன்.”

“நீதான் சொன்னியா, படகுக் கதைய?”

“ஐயோ, ரவி சொல்லிட்டானா? புள்ளைங்க சிரிக்கட்டும்னு சொன்னேண்ணே. பழைய கத தானே.”

“நான் தின்னேன்னா சொன்ன?”

“பின்ன?” சிரித்தாள். “அந்த வயசுல யாருதான் திங்கல? இப்ப என்ன அதுக்கு?”

“பானைய மூணு தடவ கழுவினியே சரோ.”

“எந்தப் பான?”

நடிக்கிறாளா என்று பார்த்தேன். இந்த முகத்தைப் பிறந்த நாளிலிருந்து பார்க்கிறவன் நான். பொய் சொன்னால் இடது கண் சிமிட்டும். சிமிட்டவில்லை. உண்மையாகவே கேட்டுக்கொண்டு என்னைப் பார்த்தபடி இருந்தாள்.

“டீ ஆறுது, குடிண்ணே.”

குடித்தேன். சீனி அதிகம்.

ஞாயிற்றுக்கிழமை அவர்கள் போய்வந்துவிட்டார்கள். மணலில் நிற்கிற படம் அனுப்பியிருந்தார்கள். அதே வளைவு. மரம் இல்லை.

அன்று அந்தப் பானையில் வெந்ததை யார் தின்றது என்று தெரிந்தவர்கள் மூன்று பேர்.

இப்போது ஒன்று.